முந்திப் போகிறவர் போகட்டும்

கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் எனக்கும் என் தங்கைக்கும் இடையில் நடக்கும் ரெலிபோன் உரையாடல் எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்.

"அக்கா, அங்க ஸ்னோ கொட்டத் தொடங்கிட்டுதோ?"

"இன்னும் இல்லையடி. உங்க மழை எப்பிடி?"

"ஊத்துது. நீங்க கார் ஓடேக்க கவனம்."

"நீயும் ஸ்கூட்டியில போகேக்க கவனம்."

அவள் கிளிநொச்சியில் இருக்கிறாள். நான் கனடாவில் ரொறன்ரோ நகரின் கிழக்கே ஸ்காபரோவில் இருக்கிறேன். அவளுக்கு மாரி, எனக்கு பனிக்காலம். இரண்டு பேருக்கும் பயம் ஒன்றுதான். வீதி. அதிலும் வீதியை விட, வீதியில் கண்மூடித்தனமாக வாகனம் ஓட்டுபவர்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை, அவர்கள் தப்பிப் போய்விட்டார்கள் என்றுதான் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். நானும் இங்கு வரும்போது அப்படித்தான் நினைத்தேன். குண்டுச் சத்தம் இல்லாத இடத்தில் உயிருக்கு என்ன பயம் என்று எண்ணினேன். அந்த எண்ணம் எப்படி மாறியது என்பதையும், அதிலிருந்து நான் கற்றுக்கொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். உங்களில் பலருக்கு இந்த நாட்டில் மகளோ சகோதரியோ இருக்கலாம். நீங்களே மாரியில் சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ வேலைக்குப் போகிறவராகவும் இருக்கலாம். யாருக்காவது ஏதாவது ஒரு வரி உதவினால் போதும்.

வாகனம் என்றால் எனக்குப் பயம் வந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு. வலிகாமத்து மக்கள் எல்லோரும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி வெளிக்கிட்ட அந்த இரவை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்த சனத்துக்குள் அம்மாவும் நானும் தங்கையும் என் கைக்குழந்தையும் இருந்தோம். மழை. இருட்டு. சைக்கிள்கள், மாட்டு வண்டில்கள், உழவு இயந்திரங்கள். வெளிச்சம் இல்லாமல் வந்த ஓர் உழவு இயந்திரத்தின் பெட்டி வழுக்கிச் சரிந்து அம்மாவின் காலில் ஏறியது. ஓட்டியவர் நின்று பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்ததோ தெரியவில்லையோ, அந்த நெருக்கத்தில் யாரைக் கேட்பது? அம்மா 2003இல் கண் மூடும் வரைக்கும் அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார்.

என் கணவர் 1993இலேயே கனடாவுக்கு வந்துவிட்டார். அவர் எங்களைக் கூப்பிட்டு நானும் மகனும் இங்கு வந்து இறங்கியது 2000ஆம் ஆண்டு மாசி மாதம். விமான நிலையத்தில் இருந்து வீட்டுக்கு வந்த காரில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இருந்தேன். இங்கே வாகனங்கள் வீதியின் வலது பக்கத்தால் ஓடும். எதிரே வருவதெல்லாம் எங்கள் மேல் ஏற வருவது போல இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்பது வருடங்கள் நான் கார் ஓடப் பழகவில்லை. கணவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "எனக்கு வேண்டாம், பஸ் இருக்குத்தானே" என்று சொல்லிவிட்டேன். அதிகாலை ஐந்து மணிக்கு உடம்பெல்லாம் சுற்றி மூடிக்கொண்டு பஸ் தரிப்பிடத்தில் நிற்பேன். குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகை என்றால் கண் இமை மயிரிலும் பனி பிடிக்கும். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஸ்ரியறிங்கைப் பிடிக்க மட்டும் மனம் வரவில்லை.

2009இல் எல்லாம் ஒன்றாக வந்தது. மே மாதத்துக்குப் பிறகு தங்கை உயிரோடு இருக்கிறாளா என்பதே பல வாரங்கள் தெரியாது. பிறகுதான் அவளும் இரண்டு பிள்ளைகளும் செட்டிகுளம் முகாமில் இருக்கிறார்கள், அவளுடைய கணவர் இல்லை என்ற செய்தி வந்தது. அதே ஆவணியில் என் கணவர் வேலைத்தலத்தில் பாரம் தூக்கும்போது முதுகு முறிவு ஏற்பட்டுப் படுக்கையானார். வீட்டு வாடகை, மகனுடைய படிப்பு, முகாமுக்கு அனுப்ப வேண்டிய காசு எல்லாவற்றுக்கும் என் ஒருத்தியின் சம்பளம்தான். கூடிய சம்பளத்துக்கு ஒரு தொழிற்சாலை வேலை கிடைத்தது. அது நகரத்தின் மேற்கு எல்லையில், மிசிசாகாவில் இருந்தது. பஸ்ஸில் போனால் போகவே இரண்டரை மணித்தியாலம். கார் ஓடாமல் வழியில்லை.

நாற்பது வயதில் பழகத் தொடங்கினேன். ஒன்ராறியோ மாகாணத்தில் அனுமதிப்பத்திரம் மூன்று படியாகக் கிடைக்கும். முதலாவது எழுத்துப் பரீட்சை. அதைத் தமிழிலும் எழுதலாம் என்பது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. அந்த முதற்படியில் தனியே ஓட முடியாது. பயிற்சி வகுப்பு எடுத்தால் எட்டு மாதம், எடுக்காவிட்டால் பன்னிரண்டு மாதம் பொறுத்திருந்துதான் அடுத்த பரீட்சைக்குப் போகலாம். எனக்குப் பழக்கிய ஆசிரியரும் தமிழர்தான். முதல் நாளே சொன்னார்: "அக்கா, முன்னுக்குப் போற வாகனத்தை மட்டும் பாத்து ஓடாதேங்கோ. அதுக்கு முன்னுக்குப் போறதையும் பாருங்கோ. மற்றவன் பிழை விடுவான் எண்டு நினைச்சே ஓடுங்கோ."

2010 கோடையில் தனியே ஓடும் அனுமதி கிடைத்தது. கோடையும் இலையுதிர்காலமும் ஒருவாறு போயிற்று. பழைய கார் ஒன்றுதான். அதற்குப் பனிக்கால ரயர் போடவில்லை. நான்கு ரயர் வாங்கும் காசில் இரண்டு மாதச் சாமான் வாங்கலாமே என்று விட்டுவிட்டேன்.

2011 தை மாதம், அதிகாலை ஐந்தரை மணி. 401 பெருந்தெருவில் மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறேன். வட அமெரிக்காவிலேயே வாகன நெரிசல் மிகக் கூடிய பெருந்தெருக்களில் அதுவும் ஒன்று. முதல் நாள் பெய்த ஸ்னோவை அள்ளி உப்புப் போட்டிருந்தார்கள். வீதி கறுப்பாக, வெறும் ஈரம் மாதிரித்தான் தெரிந்தது. மணிக்கு எண்பது கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் உயரமான பிக்கப் வாகனம் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. அதன் வெளிச்சம் என் கண்ணாடி முழுவதையும் நிரப்பியது. பெரிய லைற்றை அடித்து அடித்து அணைத்தான். எனக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. வலது பக்கத்துத் தடத்துக்கு மாறலாம் என்ற யோசனையே வரவில்லை. அவனிடம் இருந்து தப்ப வேண்டும் என்று வேகத்தைக் கூட்டினேன். தொண்ணூறு, நூறு. அப்படியே ஒரு பாலத்தின் மேல் ஏறினேன். முன்னால் சிவப்பு வெளிச்சங்கள் தெரிய பிரேக்கை ஓங்கி மிதித்தேன்.

கார் என் சொல் கேட்கவில்லை. பின்பக்கம் சுற்றி முன்னுக்கு வந்தது. ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, வீதியோரத்து இரும்புத் தடுப்பில் உரசிக்கொண்டு போய், ஸ்னோ குவியலில் குத்தி நின்றது. பிக்கப் நிற்காமல் போய்விட்டது. அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் இருந்த முகத்தை நான் காணவேயில்லை. நாவற்குழியில் அம்மாவின் காலில் ஏறியவனையும் நாங்கள் காணவில்லைத்தானே.

வேறு ஒருவர் தூரத்தில் தன் வாகனத்தை ஓரமாக நிறுத்தி, எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு, பொலிசுக்கு அறிவித்தார். நான் கதவைத் திறந்து இறங்கப் போக, "இறங்க வேண்டாம், பெல்ற்றைக் கழற்றாமல் உள்ளேயே இரு" என்று கையைக் காட்டிக் கத்தினார். நான் வழுக்கிய இடத்தில் அடுத்த வாகனமும் வழுக்கும், வெளியே நிற்கிற ஆளின் மேல்தான் வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. உயிர் தப்பினேன். இடது தோளில் காயம். காப்புறுதிக்காரர் அது முழுக்க என் பிழை என்றே எழுதினார்கள். தவணைக் காசு கூடியது.

எனக்கு ஆத்திரம் வந்தது. துரத்தியவன் போய்விட்டான், பிழை எனக்கா? ஆனால் யோசிக்க யோசிக்க ஒன்று விளங்கியது. அவன் என்னைத் தள்ளவில்லை. என் காரின் வேகத்தைக் கூட்டியது என் கால். ஆபத்தை அவன் கொண்டுவந்தான், அதைப் பெரிதாக்கியது என் பயம்.

கணவர் படுக்கையில் இருந்தபடி, "இஞ்சேரும், இனி உந்த வேலை வேண்டாம்" என்றார். இரண்டு வாரம் நான் காரைத் தொடவில்லை. பிறகு பழைய ஆசிரியரையே கூப்பிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்னோ அள்ளாத வெறுமையான பெரிய வாகனத் தரிப்பிடம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "இஞ்ச வழுக்கிப் பாருங்கோ. வழுக்கிறது எப்பிடி எண்டு கால் அறிய வேணும்" என்றார். மெதுவாக ஓடி, பிரேக் பிடித்து, வழுக்கி, மீண்டும் ஓடினேன். அன்று அவர் சொன்ன ஒரு வார்த்தை இன்றைக்கும் என்னோடு இருக்கிறது: "பின்னால வாறவன்ர அவசரம் உங்கட அவசரம் இல்லை, அக்கா."

அன்றும் அதற்குப் பிறகும் படித்தவற்றைச் சொல்கிறேன்.

பாலங்கள்தான் முதலில் உறையும். மற்ற இடங்களில் வீதிக்குக் கீழே மண் இருக்கிறது, அதில் கொஞ்சச் சூடு இருக்கும். பாலத்துக்குக் கீழேயும் குளிர்காற்று, மேலேயும் குளிர்காற்று. அதனால் வீதி ஈரமாகத் தெரியும்போதே பாலத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய பனிக்கட்டி படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. கீழே இருக்கும் தாரின் கறுப்பு அதற்கூடாகத் தெரிவதால் இங்கே அதைக் கறுப்பு ஐஸ் என்கிறார்கள். ஆகவே பாலம் வரும் முன்பே காலை எடுத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். பாலத்தின் மேல் பிரேக் பிடிப்பதையும் சடுதியாகத் திருப்புவதையும் கூடியவரை தவிர்க்க வேண்டும். வழுக்கத் தொடங்கிவிட்டால் இரண்டு காலையும் எடுத்துவிட்டு, போக வேண்டிய திசையைப் பார்த்து மெதுவாகத் திருப்ப வேண்டும். கண் தடுப்பைப் பார்த்தால் கையும் தடுப்புக்கே போகும். இப்போது ஏ.பி.எஸ். பிரேக் உள்ள வாகனங்களில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் காலுக்குக் கீழே கடகடவென்று அதிரும். அது பழுது அல்ல, அது வேலை செய்யும் முறை அதுதான். பயந்து காலை எடுக்கக் கூடாது.

ரயருக்குக் காசைப் பார்க்கக் கூடாது. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண ரயரின் றப்பர் விறைக்கத் தொடங்கிப் பிடிமானம் குறையும். பனிக்கால ரயரின் றப்பர் மென்மையாகவே இருக்கும். மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் போட்ட அடையாளம் அதன் பக்கத்தில் இருக்கும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் 2008இலிருந்து பனிக்காலத்தில் அது சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 தொடக்கம் அதைப் போட்டவர்களுக்குக் காப்புறுதியில் சிறு கழிவு கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. நான் சீட்டுப் பிடித்த காசில் வாங்கினேன்.

இடைவெளி விட வேண்டும். முன்னால் போகும் வாகனம் ஒரு கம்பத்தைக் கடக்கும்போது எண்ணத் தொடங்க வேண்டும். நான் அந்தக் கம்பத்துக்கு வர ஆகக் குறைந்தது இரண்டு விநாடி ஆக வேண்டும் என்பது காய்ந்த வீதிக்கான கணக்கு. ஸ்னோவிலும் ஐஸிலும் அதை இரட்டிப்பாக்க வேண்டும். நான் ஆறு வரை எண்ணுவேன். அந்த இடைவெளிக்குள் வேறொருவர் வந்து புகுவார். புகட்டும். நான் மீண்டும் பின்வாங்கி எண்ணுவேன்.

பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தால் வேகத்தைக் கூட்டக் கூடாது. அவருக்குப் பாடம் படிப்பிக்க நினைத்து பிரேக்கைத் தட்டவும் கூடாது. முன்னால் உள்ள இடைவெளியை இன்னும் கூட்ட வேண்டும். அப்போதுதான் நான் மெல்ல மெல்லப் பிரேக் பிடிக்கலாம், அவருக்கும் நிற்க நேரம் கிடைக்கும். இடம் கிடைத்தவுடன் வலப்பக்கம் மாறி அவரை விட வேண்டும். அப்படியும் விடாவிட்டால் அடுத்த வெளியேறும் பாதையால் இறங்கிவிடலாம். ஐந்து நிமிடம் பிந்துவதால் யாரும் செத்துப் போவதில்லை.

சந்தியில் பச்சை விளக்கு விழுந்தவுடன் பாயக் கூடாது. குறுக்கே வருபவர் நிற்க நினைத்தும் நிற்க முடியாமல் வழுக்கி வரலாம். இரண்டு பக்கமும் பார்த்து, இரண்டு எண்ணிவிட்டு எடுப்பேன். நீல விளக்கு மின்ன ஸ்னோ அள்ளும் வாகனங்கள் வரிசையாகப் போகும். அவற்றை முந்தக் கூடாது. அவற்றுக்குப் பின்னால் மெதுவாகப் போவதுதான் அன்றைய வீதியில் மிகப் பாதுகாப்பான இடம். பகலிலும் லைற்றை முழுதாகப் போட வேண்டும். கார் தானாகப் போடும் பகல் வெளிச்சம் பல வாகனங்களில் முன்னுக்கு மட்டும்தான். பின் விளக்கு எரியாது. கொட்டுகிற ஸ்னோவில் எங்களைப் பின்னால் வருபவர் காண மாட்டார்.

இவ்வளவும் கற்ற பிறகு நான் நல்ல சாரதி என்று எனக்குள் ஒரு பெருமை வந்தது. கண்மூடித்தனமாக ஓடுபவர்கள் வேறு ஆட்கள், நான் அவர்களுக்குத் தப்பி ஓடுபவள் என்று நினைத்தேன். அந்தப் பெருமை உடைந்த நாளைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

2015 மாசி மாதம். இரவு வேலை முடிந்து நான்கு மணித்தியாலம்கூட நித்திரை கொள்ளாமல், பகலில் கணவரை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய் வந்து, பின்னேரம் மீண்டும் வேலைக்கு வெளிக்கிட்டேன். பிந்திவிட்டது. காரின் கண்ணாடிகளில் ஐஸ் பிடித்திருந்தது. முன்கண்ணாடியில் என் முகத்தளவுக்கு ஒரு வட்டம் சுரண்டினேன். பக்கக் கண்ணாடியைச் சுரண்டவேயில்லை. எங்கள் தொடர்மாடிக்குப் பக்கத்துச் சந்தியில் வலப்பக்கம் திரும்பினேன். "டப்" என்று பொனற்றில் யாரோ கையால் அடித்த சத்தம். பிரேக் பிடித்தேன். நல்ல காலம், மெதுவாகத் திரும்பியதால் நின்றுவிட்டது.

கறுப்புக் குளிர்ச்சட்டை போட்ட வயதான அம்மா ஒருவர். ஒரு கையில் நான்கு ஐந்து வயதுப் பெண்பிள்ளை. காரின் முன்பக்கத்துக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருக்கவில்லை.

"பிள்ளை, உனக்குக் கண் தெரியேல்லையோ?" என்று அந்த அம்மா தமிழில் கேட்டார். என் முகத்தைப் பார்த்தவுடன் தமிழ் ஆள் என்று கண்டிருக்கிறார். அந்தக் குரல் என் அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது. நான் இறங்கிப் போய் அவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என்னைத் தேற்றினார். ஊரில் இருந்து வந்து மூன்று மாதம்தானாம். பேத்தியைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிக்கொண்டு வருகிறாராம். "நடக்கிற ஆக்களுக்கு வெள்ளை விளக்கு எரிஞ்சது. நீ என்னைக் கண்டிட்டாய் எண்டு நினைச்சன், மோனை" என்றார். இருவரையும் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அன்று வேலைக்குப் போகவில்லை.

அன்றிரவு முழுக்க ஒரே யோசனை. அவசரம், நித்திரைக் குறைவு, ஒரு கண்ணாடி சுரண்டப் பஞ்சி. இவ்வளவும் போதும் ஓர் உயிரை எடுக்க. என்னைத் துரத்திய அந்தப் பிக்கப்காரனுக்கும் வீட்டில் ஏதோ ஒரு அவசரம் இருந்திருக்கலாம். அதனால் அவன் செய்தது சரியாகிவிடாது. ஆனால் நான் அவனைப் போல ஆக மாட்டேன் என்று நினைத்தது பிழை.

அதன் பிறகு பனிக்காலத்தில் பதினைந்து நிமிடம் முன்னரே இறங்குவேன். எல்லாக் கண்ணாடியும், விளக்குகளும், கூரையும் துடைத்த பிறகுதான் கார் அசையும். கூரையில் விட்ட ஸ்னோ பெருந்தெருவில் பலகை மாதிரிப் பறந்து போய்ப் பின்னால் வருபவரின் கண்ணாடியில் விழும். கைத்தொலைபேசி பையை விட்டு வெளியே வராது. ஓடும்போது அதைக் கையில் வைத்திருப்பது இங்கே 2009 ஒக்ரோபரில் இருந்து குற்றம். 2019இல் இருந்து முதற்தடவை பிடிபட்டாலே மூன்று நாட்களுக்கு அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படும்.

நடந்து போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மார்கழியில் இங்கே பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னரே சூரியன் போய்விடும். எங்கள் சனம் அழுக்குத் தெரியாது என்று கறுப்புச் சட்டைதான் வாங்கும். வெளிச்சம் பட்டால் பளிச்சிடும் பட்டி ஒன்றைக் கையிலோ பையிலோ கட்ட வேண்டும். நடப்பவருக்கான விளக்கு எரிந்தாலும், திரும்ப நிற்கும் வாகனத்தின் சாரதி என் முகத்தைப் பார்த்துவிட்டாரா என்று பார்த்த பிறகே கால் வைக்க வேண்டும். வீதியில் உரிமை எங்களுடையதாக இருக்கலாம். உடம்பும் எங்களுடையதுதான்.

இன்னொன்றையும் கற்றேன். சில நாட்களில் போகாமல் விடுவதுதான் கெட்டித்தனம். 2022 சனவரி 17ஆம் திகதி ரொறன்ரோவில் பெரும் பனிப்புயல். விடியக்காலை வெளியே பார்த்தால் கார் எது, மதில் எது என்று தெரியவில்லை. வேலைத்தலத்துக்கு எடுத்து வர முடியாது என்றேன். மேற்பார்வையாளருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாள் சம்பளம் போயிற்று. அன்று நகரத்தின் இரண்டு பெரிய விரைவுப் பாதைகளை மூடினார்கள். நூற்றுக்கணக்கான மாநகர பஸ்கள் வீதியிலே புதைந்து நின்றன. என்னோடு வேலை செய்யும் பெண் வெளிக்கிட்டுப் போய் இடையில் மாட்டுப்பட்டு ஐந்து மணித்தியாலம் காருக்குள் இருந்தாள். அவள் தப்பியது காரில் போர்வையும் தண்ணீரும் சவளும் வைத்திருந்ததாலும், தாங்கியில் பாதிக்கு மேல் பெற்றோல் இருந்ததாலும்தான். இறங்கி நடக்காமல் உள்ளேயே இருந்தாள். சூட்டுக்காக எஞ்சினைப் போடும் முன் ஒவ்வொரு முறையும் புகைக்குழாயை மூடிய ஸ்னோவை அகற்றினாள். அது அடைபட்டால் மணமும் நிறமும் இல்லாத நச்சுவாயு உள்ளே வந்து, இருப்பவர் நித்திரையிலேயே போய்விடுவார். எஞ்சினைக் கொஞ்ச நேரம் போட்டு நிறுத்தி, ஒரு பக்க யன்னலைச் சிறிது திறந்து வைத்திருந்தாள்.

இவற்றை எல்லாம் தங்கைக்குச் சொன்னபோது அவள் சிரித்தாள். "அக்கா, ஸ்னோ ஒண்டுதான் வித்தியாசம். மிச்சமெல்லாம் இஞ்சயும் உதுதான்" என்றாள்.

அவள் 2010இல் மீளக்குடியேறிய பிறகு ஸ்கூட்டி ஓடப் பழகினாள். ஏ9 வீதியால் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய் வருகிறாள். போர்க்காலத்தில் குண்டும் குழியுமாக இருந்த வீதி இப்போது காப்பெற் போட்ட வீதி. வீதி நல்லாக வர வேகமும் கூடிவிட்டது என்கிறாள். மாரி மழையில் கண் தெரியாது. ஒன்றையொன்று முந்த ஓடும் பஸ்கள், பின் விளக்கு இல்லாத லான்ட்மாஸ்ரர், இரவில் வெதுவெதுப்புக்கு வீதியில் வந்து படுக்கும் மாடுகள், உள்வீதிகளில் வெள்ளத்துக்குள் மறைந்திருக்கும் கிடங்குகள்.

"நீ என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"எதிர்ப்பக்கத்தால பஸ் முந்திக்கொண்டு வந்தால், அது என்ர பக்கம் எண்டு நான் நியாயம் பாக்கிறேல்லை. வேகத்தைக் குறைச்சு கரையில இறக்கி நிண்டிடுவன். பின்னால ஹோண் அடிச்சாலும் அப்பிடித்தான். போறவன் போகட்டும். எனக்கு ஏதும் நடந்தால் என்ர பிள்ளையளுக்கு ஆர் அக்கா?"

அவளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். தேய்ந்த ரயரை மழை தொடங்க முன் மாற்றுகிறாள். வெளிர் நிற மழைக்கோட்டு வாங்கி அதன் முதுகில் பளிச்சிடும் பட்டி தைத்திருக்கிறாள். ஹெல்மெற்றின் வாரை இறுக்கிக் கட்டாமல் பக்கத்துக் கடைக்கும் போவதில்லை. வெள்ளம் நிற்கும் இடத்தில் முன்னால் போகும் வாகனம் எங்கே ஏறி இறங்குகிறது என்று பார்த்துத்தான் போகிறாள். கடும் மழை என்றால் ஒரு கடை வாசலில் ஒதுங்கி, பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லிவிட்டு நிற்கிறாள். முன்பு பிந்திப் போனால் பிள்ளைகள் பயப்படும் என்று வேகமாக ஓடியவள்தான். இப்போது, "அம்மா பிந்தி வருவன், ஆனால் வருவன்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

அன்புச் சகோதரிகளே, நாங்கள் இழந்தவை அதிகம். ஷெல் வரும்போது பதுங்குகுழிக்குள் இருந்தவர்களுக்கு, அது எங்கே விழும் என்பது தங்கள் கையில் இருக்கவில்லை. வீதி அப்படி முழுதாகக் கைவிட்ட இடம் அல்ல. மற்றவர் எப்படி ஓட்டுவார் என்பது எங்கள் கையில் இல்லைத்தான். ஆனால் எங்கள் வேகம், எங்கள் இடைவெளி, எங்கள் வெளிச்சம், ஒதுங்கி வழிவிடும் பொறுமை ஆகியவை எங்கள் கையில் இருக்கின்றன. வழிவிடுவது தோல்வி அல்ல. பல வீடுகளில் உழைப்பதற்கு இருப்பது ஒருத்திதான். அவள் வீட்டுக்கு முழுதாகத் திரும்பி வருவதை விட அந்த வீட்டுக்குப் பெரிய காரியம் எதுவும் இல்லை.

இதை எழுதும்போது வெளியே இந்த வருடத்தின் முதல் ஸ்னோ விழுகிறது. நாளை காலை வேலை. ரயர் போன வாரமே மாற்றியாயிற்று. சுரண்டும் தடி கதவடியில் இருக்கிறது. இனித் தங்கைக்கு எடுக்க வேண்டும். அங்கே விடிந்திருக்கும். அவள் வெளிக்கிடும் நேரம்.